நனைந்தவர் கணக்கு

வரவு: நுழைவுச்சீட்டு நூற்று எண்பத்து மூன்று,
ஐஸ்கிரீம் வண்டியின் ஒருநாள் வாடகை,
பால்பண்ணைக்காரர் விளம்பரப் பலகைக்குத் தந்தது.
செலவு: மணல் இறக்கிய லாரி,
கால்வாயைத் தூர்வாரிய இயந்திரம்,
நடுவர் காருக்கு எரிபொருள்,
ஊதுகுழல் குழுவுக்குச் சூப்பும் பீரும்.
பதினோரு வருடமாக இந்தப் பேரேட்டை எழுதுகிறேன்.
தாண்டுகிறவர்களுக்கு இதில்
ஒரு பத்திகூடக் கிடையாது.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்.
ஃப்ரீஸ்லாந்தில் எங்களுக்கு மலை இல்லை.
ஏறுவதற்கு நாங்களே ஒன்றை நட்டுக்கொள்கிறோம்,
பதின்மூன்று மீட்டர் கழி, கால்வாயின் நடுச்சேற்றில்.
பலகைப் பாலத்தில் ஓடிவந்து தாவிப் பிடித்து
அது சாய்ந்து முடிப்பதற்குள் உச்சிக்கு ஏறி
அக்கரை மணலில் விழ வேண்டும்.
வழுக்காதிருக்கப் பாதத்தில்
சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருப்பார்கள்.
பாதி வழியில் கழிக்கு மனம் மாறினால்
தண்ணீர்.
பாசி, வாத்து எச்சம், கைதட்டல்.

பிப்ரவரிக் கூட்டத்தில் ரிக்ஸ்ட் எழுந்தாள்.
கண்ணாடிக் கூடத்தில் குடைமிளகாய் பறிப்பவள்,
கிளப்பில் எல்லோரையும்விடத் தூரம் போகிறவள்.
"போட்டி நாளெல்லாம் எனக்குச் சம்பளப் பிடித்தம்.
தோள் இரண்டு முறை இறங்கியது,
இரண்டு முறையும் என் காசு.
ஒன்பது வருடமாக இந்த கிளப்புக்கு
நான் சம்பளம் கொடுக்கிறேன்.
அதையாவது நிறுத்திக்கொள்ளலாமா?"

காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான் ஹில்கே.
சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.
"காசு வாங்கினால் மழையிலும் வரணும்."
"இப்போதும் மழையில்தானே வருகிறாய்?"
"இப்போ நானா வர்றேன்."

மீட்டருக்கு இவ்வளவு என்றார் ஒருவர்.
அப்படியானால் என் பையனுக்கு ஒன்றும் தேறாது என்றாள் வைட்ஸ்கே.
தலைவர் ஊபெலே தொண்டையைச் செருமினார்:
"ஆட்காட்டி முட்டை தேடி
வாய்க்கால் வாய்க்காலாகத் தாண்டினார்களே நம் முன்னோர்,
அவர்களுக்கு யார் கூலி கொடுத்தார்கள்?"
"முட்டை கிடைத்ததே" என்றாள் ரிக்ஸ்ட்.

பத்தரை மணிக்குத் தீர்மானம்.
தண்ணீரில் விழுந்தவருக்கு,
விழும் ஒவ்வொரு முறைக்கும்,
ஐந்து யூரோ. சலவைச் செலவு.
யார் காதிலும் அது சம்பளமாக விழவில்லை.
எல்லாக் கைகளும் உயர்ந்தன, அவளுடையதைத் தவிர.
நான் புதுப் பத்திக்குக் கோடு போட்டேன்.

மே மாதம் முதல் போட்டி.
பன்னிரண்டு வயதுப் பயல்கள் இருவர்
ஆளுக்கு மூன்று முறை விழுந்தார்கள்.
மூன்றாவது முறை அவர்கள் கை
கழியைத் தொட்டதாகவே தெரியவில்லை.
ஹில்கே ஒருமுறை விழுந்தான். காசு வேண்டாமென்றான்.
கார் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்து
"சலவைக்குத்தானே" என்று வாங்கிக்கொண்டான்.

பிறகு ரிக்ஸ்ட்.
கழி நேர்நின்று ஒரு கணம் யோசித்தது.
அவள் யோசிக்கவில்லை. ஏறினாள், ஏறினாள்,
கழி முடிந்த இடத்திலும்
இன்னொரு கை வைப்பாளோ என்று தோன்றியது.
பதினேழு மீட்டர் அறுபத்து நான்கு.
அவள் வாழ்நாளின் அதிகத் தூரம்.
குதிகால் வரை காய்ந்த மணல்.

டியூபை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டாள்.
மாலை ஷிஃப்ட். சைக்கிளில் ஏறினாள்.
என் மேசைப் பக்கம் பார்க்கவில்லை.
பயல்கள் தலை சொட்டச் சொட்ட
பொரித்த உருளைக்கிழங்கு வரிசையில் நின்றார்கள்,
முதலாளிகள் போல.

அன்று தூறல் இருந்தது.
சொல்லிக்கொள்ளும்படி இல்லை,
பேரேட்டின் ஓரம்கூட நையவில்லை.
இரவு சமையலறையில் உட்கார்ந்து
நனைந்தவர் பத்தியில் அவள் பெயரை எழுதினேன்.
எத்தனை முறை என்ற கட்டத்தில்
பதினேழு.

அறுபத்து நான்கு சென்டிமீட்டரை
என்ன செய்வதென்று தெரியவில்லை.
விட்டுவிட்டேன்.

இந்த வருடத் தணிக்கை ஹில்கே.
கேட்கட்டும்.
அந்த மழையில் அவனும்தான் நின்றான்.